மேஜர் கடித்த வழக்கு

தொட்டிப் பூங்காவுக்குள் யாரும் சொந்தப் பெயரோடு நுழைவதில்லை. அப்பனும் ஆத்தாளும் ஆசையாக வைத்த பெயரை இரும்புக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு, தாங்கள் வளர்க்கும் நாயின் பெயரைச் சூடிக்கொண்டு, டைகர் அப்பா என்றும் புஜ்ஜி அம்மா என்றும்தான் உள்ளே வருவார்கள், நடப்பார்கள், மழை வருமா என்று பேசிக்கொள்வார்கள், சண்டை போட்டுக்கொள்வார்கள், வெளியே போகும்போது பழைய பெயரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். கோயமுத்தூர் கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சிகளின் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைக்கும் வக்கீல் அவிநாசியப்பன், தொங்கிய கன்னமும் பிதுங்கிய கண்ணுமாகக் கூடவே ஓடிவரும் ஒரு குட்டை நாயின் பொருட்டு, அங்கே பிஸ்கட் அப்பா. தபால் ஆபீஸ் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரையே வரிசையில் நிற்கவைக்கும் வசந்தாமணி, அங்கே ராணி அம்மா. பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து, டிக்கெட் வாங்காதவனை அவன் நிற்கிற நிலையிலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று பெயரெடுத்து ஓய்வுபெற்ற கிட்டுசாமி, அங்கே மேஜர் அப்பா. புதிதாக வருகிறவர்கள் பட்டாளத்துக்காரர் என்று நினைத்து விறைப்பாக வணக்கம் வைத்ததுண்டு. அவரும் அதைத் திருத்தியதில்லை.

பூங்கா பெரியதொன்றும் இல்லை. காலனிக்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியின் கால்களைச் சுற்றி மாநகராட்சி புல் பதித்து, சிமென்ட் பெஞ்சு போட்டு, கம்பிவேலி அடைத்த இடம், அவ்வளவுதான். ஆனால் அதற்குள் இரண்டு தேசங்கள் இருந்தன. நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் வரவேண்டும் என்றது கயிற்றுக் கட்சி. நாய் என்று பிறந்ததே ஓடத்தான், வீட்டில் கட்டிப்போடுவது போதாதென்று இங்கேயுமா என்றது அவிழ்ப்புக் கட்சி. கயிற்றுக் கட்சிக்குத் தலைவர் கிட்டுசாமி. அவரே தகரப் பலகை வாங்கி, அவரே பெயின்ட் அடித்து, ‘நாய்களைக் கயிற்றில் பிடித்து வரவும். கடிக்கும் நாய்க்கு அனுமதி இல்லை’ என்று அவரே எழுதி, வாசலுக்கு எதிரே நட்டுவைத்தார். அவிழ்ப்புக் கட்சிக்குத் தலைவி வசந்தாமணி. அந்தம்மா தினமும் வந்ததும் வராததுமாகத் தன் தோள்பையைக் கழற்றி, எழுத்து மறைகிற மாதிரி, அந்தப் பலகையின்மேல் மாட்டிவிடுவார். கிட்டுசாமி அதை எடுத்து பெஞ்சில் வைப்பார், அந்தம்மா மறுபடி கொண்டுவந்து மாட்டுவார், இவர் மறுபடி எடுப்பார், இப்படியே சூரியன் தொட்டிக்கு மேலே ஏறிவிடும்.

நாய்களும் தங்கள் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. ராணி தெருவில் பிறந்து வசந்தாமணியின் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்ட செவலை நாய், கழுத்தில் ஒரு நூல்கூடக் கட்டிப் பழக்கமில்லை. அது நேராக மேஜருக்கு முன்னால் வந்து நின்று, முன்காலைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி ஆட்டி, ‘வாயேன்’ என்று கூப்பிட்டுவிட்டு ஓடும். மேஜர் நல்ல கருப்பு, லேப்ரடார் பாதி, மீதி என்னவென்று விற்றவனுக்கே தெரியாது. அது இழுக்கும். கிட்டுசாமி பதிலுக்கு இழுப்பார். வருஷக்கணக்காக இழுத்து இழுத்து அவருடைய வலது தோள் இடது தோளைவிட இறங்கியே போய்விட்டது. கயிறு எட்டுகிற தூரம்தான் மேஜருக்குப் பூங்கா. அதைத் தாண்டி இருந்த புல்லை அது கண்ணால் பார்த்ததோடு சரி.

அந்த ஆவணியில் மேஜருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போக, அது தின்பதை நிறுத்தி, தண்ணீரை நிறுத்தி, ஒரு மத்தியானம் மூச்சையும் நிறுத்திக்கொண்டது. கிட்டுசாமியின் மச்சினன் தோட்டத்தில், தென்னைக்கு நடுவே குழிவெட்டிப் புதைத்தார்கள். உயிரோடு இருந்த காலமெல்லாம் அதைச் சனியனே என்று கூப்பிட்ட அவர் மனைவி ரத்தினம் மண்ணை அள்ளிப் போட முடியாமல் தேம்பித் தேம்பி அழுதார். கிட்டுசாமிக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து மேஜரின் நைலான் கயிற்றையும் கழுத்து பெல்ட்டையும் சோப்புப் போட்டுத் துவைத்து, கொடியில் காயப்போட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

விடிந்ததும் கால் பழக்கத்தில் செருப்பைத் தேடியது, கை பழக்கத்தில் கொடியிலிருந்து கயிற்றை எடுத்தது. பிஸ்கட்டின் கயிறு நைந்துபோய்க் கிடந்ததே, இதை அவர்களுக்காவது கொடுக்கலாம் என்று தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு அவர் பூங்கா வாசலுக்கு வந்தபோது, கயிறு வெடுக்கென்று இழுத்தது. குனிந்து பார்த்தார். தரையில் இழுபட்டு வந்த பெல்ட் முழங்கால் உயரத்துக்கு எழுந்து, வட்டமாக நின்று, மேஜர் வழக்கமாக மோந்துபார்க்கும் விளக்குக் கம்பத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கம்பத்தின் அடியில் ஈரம் படர்ந்தது. கிட்டுசாமி வழக்கம்போலக் கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு வழக்கம்போல இழுத்தார், பெல்ட் வழக்கம்போல வரமாட்டேன் என்றது.

உள்ளே பிஸ்கட் அப்பா பார்த்தார், டைகர் அப்பா பார்த்தார், புஜ்ஜி அம்மா பார்த்தார். யாரும் அலறவில்லை, யாரும் சாமி கும்பிடவும் இல்லை. “வந்துட்டானுங்களா?” என்று பிஸ்கட் அப்பா கேட்டார். “வந்துட்டானுங்க” என்றார் கிட்டுசாமி. “செரி, வாங்கண்ணா, நடக்கலாம்.” நாய்கள் ஒவ்வொன்றாக வந்து பெல்ட்டுக்குப் பின்னால், சுமார் எங்கே இருக்கவேண்டுமோ அங்கே, முறையாக மோந்துவிட்டுப் போயின. கடைசியாக ராணி வந்து முன்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தை ஆட்டியது. பெல்ட் பாய்ந்தது, கயிறு விறைத்தது, கிட்டுசாமியின் வலது தோள் ‘மளுக்’ என்றது. அந்த வலியில்தான் அவருக்கு நேற்று வராத அழுகை வந்தது, வியர்வையைத் துடைக்கிறவர்போலத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இப்படியாக மேஜர் இறந்தபிறகும் பூங்காவுக்கு வருவது வழக்கமாயிற்று. ரத்தினம் கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது ஒன்றும் தெரியாது, ஆனால் விளக்குமாறு கனக்கும், தும்மல் வரும், “இன்னும் முடி கொட்டறது நிக்கலீங்க இந்தச் சனியனுக்கு” என்று முணுமுணுத்தபடி வெறும் முறத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவார். தட்டில் வைத்த தயிர்ச்சோறு குறையாது, ஆனால் பொழுது சாயும்போது எடுத்து வாயில் வைத்துப் பார்த்தால் அதில் உப்பு இருக்காது. பூங்காவில் ஒன்றுமில்லாத புல்லில் கால் வைத்தவர்கள் செருப்பைக் கல்லில் தேய்த்தபடி கிட்டுசாமியை முறைத்தார்கள்; அவர் அன்றிலிருந்து பழைய செய்தித்தாள் கொண்டுவந்து, கண்ணுக்குத் தெரியாததைக் கணக்காகக் குனிந்து வாரினார். மாநகராட்சியில் நாய் லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது, ஊசி போட்ட சான்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டு, தலையைத் தூக்காமலே முத்திரை குத்தினார்கள். ஊசி போட்ட கால்நடை மருத்துவரோ, மருந்து உள்ளே போனதா என்று கேட்டதற்கு, “போச்சு, கொஞ்சம் ஆடாம புடிச்சிருந்தீங்கன்னா இன்னும் நல்லாப் போயிருக்கும்” என்று குறைப்பட்டுக்கொண்டார்.

தேய்பிறை அஷ்டமியன்று அடுத்த தெருப் பெண்கள் சிலர் பைரவர் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் பூங்காவுக்குள் வந்து, பெல்ட்டுக்கு வடைமாலை போட்டுவிட்டார்கள். மாலை அந்தரத்தில் ஆடி ஆடி நடந்தது, பின்னாலேயே பிஸ்கட் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தது. கிட்டுசாமிக்கு அது பிடிக்கவில்லை. மாலையைக் கழற்றி அவர்கள் கையிலேயே கொடுத்து, “மேஜர் சாமியில்லீங்கம்மா, நாய். அதுக்கு உளுந்தவடை ஆகாது, வயித்தால போகும்” என்றார்.

கயிற்றுக் கட்சிக்கு இதில் ஏகப் பெருமை. செத்தும் கயிற்றை மீறாத நாய் உலகத்தில் எங்காவது உண்டா, பழக்கினால் இப்படியல்லவா பழக்கவேண்டும் என்று அவிழ்ப்புக் கட்சிக்காரர்கள் காதில் விழும்படி பேசினார்கள். வசந்தாமணி மட்டும் கிட்டுசாமியைக் கடக்கும்போதெல்லாம் பெல்ட்டைப் பார்ப்பார், ஏதோ சொல்ல வாயெடுப்பார், பிறகு ராணியைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடுவார். இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

ஐப்பசியில் ஒருநாள், மழைவிட்டுப் புல்லெல்லாம் சொதசொதவென்று கிடந்த காலையில், ராணி சேற்றுக்காலோடு மேஜரைச் சுற்றிச் சுற்றி ஓட, கிட்டுசாமியின் வெள்ளை வேட்டி முழுக்க மண் தெறித்தது. அவர் போட்ட சத்தத்தில் தொட்டிமேல் இருந்த புறாக்கள் பறந்தன. “பலகையில எழுதியிருக்கறது கண்ணுக்குத் தெரியறதில்லீங்களா? எம்பட நாயைப் பாருங்க, செத்தும் கயித்துல வருது. உங்களுது உசுரோட இருந்தும் புத்தியில்லை” என்றார்.

வசந்தாமணி நின்றார். “ஏனுங்க மேஜர் அப்பா, உசுரோட இருந்தப்பத்தான் ஒருநாளும் அவுத்து உடலை. இப்பவாவது உட்டுப்போடக் கூடாதுங்களா? அப்படி என்னத்துக்குங்க இன்னும் இழுத்துப் புடிச்சு வெச்சிருக்கறீங்க?”

கிட்டுசாமி இன்னும் சத்தமாகக் கத்தினார். அந்தம்மாவும் விடவில்லை, கையிலிருந்த குடையை நீட்டி நீட்டிப் பேசினார். குடை மூன்றாவது முறையோ நான்காவது முறையோ கிட்டுசாமியின் நெஞ்சுக்கு நேராக வந்தபோது, பெல்ட் தரையோடு தாழ்ந்து, ஒரு கணம் அசையாமல் நின்று, பாய்ந்தது. “ஐயோ, கடிச்சுப் போட்டுதே!” என்று வசந்தாமணி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். கணுக்காலுக்கு மேலே சேலைக்கரையில் ரத்தம் ஊறியது. கிட்டுசாமி ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தார்; பிஸ்கட் அப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்தி, “போகாதீங்ணா, ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்” என்று காதோடு சொன்னார். புஜ்ஜி அம்மாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஆஸ்பத்திரிக் கதையை வசந்தாமணி மறுநாள் நொண்டிக்கொண்டே வந்து பூங்கா முழுக்கச் சொன்னார். தெரு நாயா, தெரிந்த நாயா என்று டாக்டரம்மா கேட்டாராம். தெரிந்த நாய்தான் என்றாராம் இவர். “அப்ப பத்து நாள் அதைக் கவனிச்சுக்கிட்டே இருங்க. செத்துப்போச்சுன்னா உடனே வந்து சொல்லுங்க.” அது ஏற்கெனவே செத்துவிட்டது என்றாராம். “எப்போ?” “கடிக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாலீங்க.” டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்து, அப்படியானால் எல்லா ஊசியும் போட்டுவிடுவது நல்லது என்று எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாராம். சொல்லிமுடித்து, தோள்பையைத் தன் கையாலேயே பலகையிலிருந்து கழற்றினார் வசந்தாமணி. ‘கடிக்கும் நாய்க்கு அனுமதி இல்லை’ என்ற வரியின்மேல் விரலை வைத்து, “இதை எழுதுனது நீங்கதானுங்களே? அப்ப நீங்களே சொல்லுங்க” என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டிக்கு அடியில் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுப்பதென்று ஆயிற்று.

பிஸ்கட் அப்பா இந்த வழக்கைக் காசு வாங்காமலே எடுத்துக்கொண்டார். நடந்துகொண்டே யோசித்தார், யோசித்து முடித்ததும் கிட்டுசாமியைப் பெஞ்சில் உட்காரவைத்தார். “ஏனுங்ணா, பலகையில என்ன போட்டிருக்குது? கடிக்கும் நாய். நாய் எங்கீங்ணா? நாய் உங்க மச்சினன் தோட்டத்துல கெடக்குது. இங்க இருக்கறது கயிறு. வருசக்கணக்கா இழுத்து இழுத்துக் கயித்துக்குப் பழகிப்போச்சு, அதனால நடக்குது. கயிறு கடிக்காதுங்ணா.”

“அப்ப அந்தம்மா கால்ல இருக்கற காயம்?”

“வேலிக்கம்பி கிழிச்சிருக்கும். இந்தப் பூங்காவுல கம்பி நீட்டாத எடம் எது?”

நல்ல வாதம்தான். நல்ல மனதோடு சொன்ன வாதம். ஆகவே அது அன்று மாலைக்குள் காலனி முழுக்கப் பரவியது. கிட்டுசாமியின்மேல் எல்லோருக்கும் பிரியம் இருந்தது, அவர் தோற்றுப்போகக் கூடாது என்று எல்லோரும் நினைத்தார்கள், அதனால் எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள். மேஜர் எப்படி இருக்கிறான் என்று கேட்டவர்கள் இப்போது, “கயிறு எப்படிங்க, நல்லா நடக்குதுங்களா?” என்று கேட்டார்கள். டைகர் அப்பா புல்லில் இருந்ததை மிதித்துவிட்டு, செருப்பைப் பார்த்து, சேறு என்று சொல்லிக்கொண்டார். அந்தப் பக்கம் வந்த கால்நடை மருத்துவர்கூட, யோசித்துப் பார்த்தால் ஊசிமருந்து கயிற்றில்தான் ஊறியிருக்கும் என்றார்.

கயிறு தொய்ய ஆரம்பித்தது. முழங்கால் உயரத்தில் நின்ற பெல்ட் பாதிக் காலுக்கு இறங்கியது, பிறகு கணுக்காலுக்கு இறங்கியது. விளக்குக் கம்பத்தடியில் ஈரம் காணவில்லை. ராணி வந்து ஆடிக்காட்டியபோது பெல்ட் லேசாக அசைந்ததோடு சரி, கிட்டுசாமியின் தோளுக்கு எந்த வேலையும் இல்லை. வலி இல்லாத அந்தத் தோளோடு வீட்டுக்குப் போக அவருக்குப் பயமாக இருந்தது. அன்று பொழுது சாயும்போது ரத்தினம் தயிர்ச்சோற்றுத் தட்டை எடுத்து வாயில் ஒரு பருக்கை போட்டுப் பார்த்துவிட்டு, சமையலறை வாசலிலேயே நின்றார். “என்ன?” என்றார் கிட்டுசாமி. “உப்பு இருக்குதுங்க” என்றார் ரத்தினம்.

சனிக்கிழமை காலையில் புஜ்ஜி அம்மா எதிரே வந்தவர், சாதாரணமாகத்தான், “என்ன கிட்டுசாமி சார், நாளைக்குத்தானே கூட்டம்?” என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தப் பூங்காவுக்குள் அந்தப் பெயரை அதுவரை யாரும் உச்சரித்ததில்லை. கிட்டுசாமி கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். பெல்ட் தரையில் ஒருக்களித்துக் கிடந்தது, அவர் நடந்தபோது சும்மா இழுபட்டு வந்தது. அப்போது தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நொண்டிக்கொண்டே வந்த வசந்தாமணி, ராணியைப் பார்த்து, “கிட்டப் போகாதே கண்ணு, கடிக்கிற சாதி அது. படு மோசமான நாயி” என்று வேண்டுமென்றே உரக்கச் சொன்னார். பெல்ட் வெடுக்கென்று எழுந்து நின்றது.

அதன்பிறகு கிட்டுசாமி அன்று காலை முழுவதும் அந்தம்மா போகும் பாதைக்குக் குறுக்கே குறுக்கே போய் நின்றார். அந்தம்மா ஒவ்வொரு முறையும் திட்டினார், ஒவ்வொரு முறையும் பெல்ட் கொஞ்சம் எழுந்தது. மற்றவர்கள் பார்த்துவிட்டு, பாவம், மனுஷன் சமாதானமாகப் போக நினைக்கிறார், அந்தம்மாவுக்குத்தான் ஈரமில்லை என்று பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது அவருக்கு விஷயம் துலங்கிவிட்டது. நாளை ஜெயித்தால் பூங்கா கிடைக்கும், மேஜர் கிடைக்காது. தோற்றால் மேஜர் கிடைக்கலாம், பூங்கா கிடையாது. பூங்கா இல்லாமல் மேஜரை எங்கே கூட்டிப்போவது என்பதும், மேஜர் இல்லாமல் பூங்காவில் தனக்கு என்ன பெயர் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கட்சியும் தொட்டிக்கு அடியில் கூடின. பிஸ்கட் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். கோர்ட்டில் பேசுவதைவிட நன்றாகவே பேசினார்: நாய் என்றால் என்ன, கயிறு என்றால் என்ன, பழக்கம் என்றால் என்ன, பூங்காவுக்குக் கதவு வைத்து வருஷம் பல ஆனபின்னும் காற்றடித்தால் அது தானாகத் திறந்து தானாக மூடுகிறதே, அதற்குள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். அவிழ்ப்புக் கட்சிக்காரர்கள்கூடத் தலையாட்டினார்கள். கிட்டுசாமி கடைசியில் உட்கார்ந்திருந்தார். பெல்ட் அவர் காலடியில் சுருண்டு கிடந்தது, மூச்சுவிட்டால்கூட அசையாது போலிருந்தது.

“வேலிக்கம்பியாங்க?” என்று வசந்தாமணி எழுந்தார். “செரி, எல்லாரும் பாத்துச் சொல்லுங்க.” விறுவிறுவென்று வந்து, காலைத் தூக்கி சிமென்ட் பெஞ்சில் வைத்து, சேலைக்கரையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். ஆண்கள் மரியாதைக்குத் தொட்டியைப் பார்த்தார்கள். பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, கம்பி மாதிரியும் இருக்கிறது, கம்பி மாதிரி இல்லாமலும் இருக்கிறது என்றார்கள். வசந்தாமணி காலை எடுக்கவில்லை. “என்னைப் பொய்க்காரி ஆக்கறீங்களா? அந்த நாயி என்ர முன்னால நின்னுது, என்னைப் பாத்துது, கடிச்சுது. அதை இல்லைன்னு எப்படிச் சொல்லுவேன்?”

கிட்டுசாமி கயிறும் கையுமாக எழுந்துவந்து, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முட்டி முறிகிற சத்தத்தோடு மண்டிபோட்டார். காயத்தைப் பார்த்தார். மேலே ஆழமாக ஒரு பல்தடம். பக்கத்தில் இன்னொரு பல் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை, தோல் அப்படியே இருந்தது. ஒரு வயதிருக்கும்போது பால்காரனைத் துரத்திப்போய் இரும்புக் கேட்டைக் கடித்து, மேஜர் அந்தப் பல்லை உடைத்துக்கொண்டது. உடைந்த துண்டை அவர்தான் வாசலில் தேடியெடுத்துக் கூரைமேல் போட்டார், பிள்ளைகளின் பால்பல்லைப் போடுகிற மாதிரி. அந்த இடைவெளியை அவருக்குத் தெரியும், ரத்தினத்துக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. புதைத்த நாளுக்குப் பிறகு மேஜரை அவர் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“நெம்ப வலிக்குதுங்களா?” என்றார்.

“வலிக்காம?”

“அழுத்தித்தான் கடிச்சிருக்கறான்” என்றார் கிட்டுசாமி. கண்ணிலிருந்து தண்ணீர் ஊற்றியது, துடைக்கவில்லை, இந்த முறை துண்டால் மறைக்கவும் இல்லை. பெஞ்சைப் பிடித்து எழுந்து, எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: “இது எங்க மேஜர்தானுங்க. கயிறு இல்லீங்க. நாயிங்க. கடிக்கிற நாயி.”

பிஸ்கட் அப்பா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதற்குள் பெஞ்சடியில் கிடந்த பெல்ட் விருட்டென்று முழங்கால் உயரத்துக்கு எழுந்து, தொட்டிக்காலுக்குப் பின்னால் நின்ற ராணியை நோக்கிப் பாய, கயிறு விறைத்து, கிட்டுசாமி நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி விழப்போய், டைகர் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தீர்ப்புச் சொல்ல யாருக்கும் வாய் வராததால் அதையும் அவரே சொன்னார், டிக்கெட் இல்லாதவனை வழியில் இறக்கிவிட்ட அதே குரலில்: “கடிக்கும் நாய்க்கு அனுமதி இல்லீங்க. நாளையிலிருந்து நாங்க வரலை.” சொல்லிவிட்டு மேஜர் இழுக்க இழுக்க வாசலைத் தாண்டி வெளியே போனார். ஜெயித்த வசந்தாமணி, சேலைக்கரையைக் கீழே விட மறந்து, ஒரு காலைப் பெஞ்சில் வைத்தபடியே வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாளிலிருந்து கிட்டுசாமி வேலிக்கு வெளியே, ரோட்டோர நடைபாதையில் நடந்தார். உடைந்த சிலாப்புகளும் நிறுத்திவைத்த பைக்குகளும் இளநீர்க் கடையும் குப்பைத்தொட்டியுமாக அது நடப்பதற்கு லாயக்கில்லாத பாதை. மேஜருக்கோ அத்தனையும் புது வாசனை, ஒவ்வொரு பைக் டயராக நின்று நின்று வந்தது. உள்ளே போகிறவர்கள் வேலிவழியாக, “மேஜர் அப்பா, நல்லாருக்கறீங்களா?” என்று கேட்டார்கள். தோள் வலிக்கிறது என்றார் அவர், சந்தோஷமாக.

உள்ளே ராணிதான் சொன்னபேச்சுக் கேட்கவில்லை. வேலியோரமாகவே, கிட்டுசாமி போகும் திசையிலேயே ஓடியது, அவர் திரும்பினால் திரும்பியது, கம்பிச்சந்தில் மூக்கை விட்டுக்கொண்டு ஊளையிட்டது. பிறகு ஒருநாள் திறந்த கதவு வழியாக ரோட்டுக்கே பாய, டவுன் பஸ் ஒன்று கிறீச்சிட்டு நிற்க, டிரைவர் இறங்கிவந்து வசந்தாமணியைப் பிடிபிடியென்று பிடித்தார். அந்தம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டதை அன்றுதான் காலனி பார்த்தது.

அதற்கு அடுத்த காலை வசந்தாமணி பூங்காவுக்குள் நுழையவில்லை. முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு நடைபாதையில் வந்தார். முந்தானைக்குக் கீழே புத்தம்புது நீலக் கயிறு, அதன் நுனியில் அவமானம் தாங்காமல் காதை மடக்கிக்கொண்டு ராணி. அவிழ்ப்புக் கட்சிக்காரர்கள் வேலிக்குள்ளிருந்து பார்த்துவிட்டு, பார்க்காதவர்கள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கிட்டுசாமி பார்த்தார். சொல்வதற்கு அவருக்கு ஏகப்பட்டது இருந்தது, ஆனால் அந்தம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “கயித்தை அவ்வளவு சுருட்டிப் புடிக்காதீங்க, கழுத்து நோகும்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். “எனக்குத் தெரியுமுங்க” என்றார் வசந்தாமணி.

இளநீர்க் கடைக்கு இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்று தொடங்கிய வாக்குவாதம் தெருமுனைவரை போயிற்று. அங்கே ராணி ஒருபக்கம் ஓட, பெல்ட் மறுபக்கம் பாய, இரண்டு கயிறும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு இருவர் காலையும் சுற்றிவளைத்தன. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. கிட்டுசாமி இடப்பக்கமாகச் சுற்றினார், வசந்தாமணி வலப்பக்கமாகச் சுற்றினார், முடிச்சு இன்னும் இறுகியது. அந்தம்மா மூச்சு வாங்க நின்று, ராணியைப் பார்க்காமல், அதற்குப் பக்கத்தில் யாருமில்லாத சிலாப்பைப் பார்த்து முறைத்தார்.

“ஏனுங்க மேஜர் அப்பா, அவனை அக்கட்ட இழுங்க. என்ர சீலையை மிதிச்சுக்கிட்டு நிக்கறான்.”

கிட்டுசாமி இழுத்தார். அது வரமாட்டேன் என்றது.